ஓசையும் குறையும்

வெள்ளவத்தையிலே, காலி வீதியின் பச்சை விளக்கு எரிந்ததும் ஊர்திகள் ஒருங்கே புறப்படுங்கால், பழைய கார் ஒன்றிலிருந்து கூழாங்கற்களைத் தகரப் பேணியிலிட்டுக் குலுக்கினாற் போன்றதோர் ஒலி எழுவதுண்டு. நின்ற நிலையில் அது கேட்பதில்லை. சீரான வேகத்திற் செல்லும்போதும் கேட்பதில்லை. அக்சிலேற்றரை அழுத்தி எஞ்சின்மீது சுமையேற்றும் அக்கணத்திலேயே தோன்றுகின்றது. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார்களின் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், கொழும்பிலே பல கார்கள் முதுமையெய்திய பின்னும் ஓடவேண்டியவையாயின. ஆகவே இவ்வொலியும் நகரத்துக்குப் பழக்கமாயிற்று.

புகையைக் கண்டு நெருப்பை அறிதலைத் தருக்க நூலார் அனுமானம் என்பர்; சைவ சித்தாந்திகள் கருதலளவை என்பர். ஆனால் எஞ்சினின் ஓசை புகையைப்போல ஒரே காரணத்தைச் சுட்டுவதன்று. தளர்ந்த பெல்ற் கீச்சிடும். புகைக்குழாய் எஞ்சினோடு பொருந்துமிடத்தில் வெடிப்பிருப்பின் ‘டிக் டிக்’ என்னும் ஒலி பிறந்து, உலோகம் சூடேறி விரிந்ததும் சில வேளைகளில் அடங்கிவிடும். தேய்ந்த பெயரிங் ஆழ்ந்த குரலில் இடிக்கும். இவற்றைப் பிரித்தறிய, கொட்டாஞ்சேனைக் கராஜ் ஒன்றிலே பணிபுரியும் அனுபவசாலி நூல் எதனையும் புரட்டுவதில்லை. பழைய எஞ்சினாயின், ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் வயரையும் முறையே கழற்றிப் பார்ப்பான். எதனைக் கழற்றும்போது இடி தணிகின்றதோ, அந்தச் சிலிண்டரின் பெயரிங்கே குற்றவாளி. வெடிப்பின் சுமை நீங்கியதால் ஓசையும் நீங்கிற்று. உள்ளவிடத்து உண்மையும் இல்லாதவிடத்து இன்மையும் நோக்கும் தருக்கமுறை வேறெங்கும் இவ்வளவு எண்ணெய்க் கறையோடு பயிலப்படுவதில்லை.

மேலே கூறிய கூழாங்கல் ஒலியோ வேறு வகையினது. தீப்பொறியாற் பற்றிய சுவாலை சிலிண்டர் முழுதும் பரவுமுன், எஞ்சிய கலவை அழுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடிக்கின்றது. அவ்வதிர்ச்சியே ஓசையாகின்றது. பெற்றோலின் ஒக்ரேன் அளவு போதாமை, தீப்பொறி முந்தி எழுதல், உள்ளே கரி படிதல், எஞ்சின் மிகச் சூடாதல் ஆகியன இதற்குக் காரணங்களாம்.

இனி, அறத்தின் வினா எழுகின்றது. கார்ச் சொந்தக்காரர், “பாஸ், சத்தம் நிண்டாக் காணும்” என்கின்றார். தீப்பொறி எழும் நேரத்தைச் சிறிது பின்தள்ளினால் ஓசை நின்றுவிடும். தீப்பொறி முந்தி எழுந்ததே காரணமாயின் அதுவே தக்க பரிகாரம். கரியோ வெப்பமோ காரணமாயின் பிஸ்டன் அதிர்ச்சியினின்று தப்பும்; ஆயினும் வலுக் குறையும், பெற்றோற் செலவு கூடும், மூலக்குறை அவ்வாறே கிடக்கும். பணமில்லாதவனுக்கு இவ்வரைப் பரிகாரத்தைச் செய்து கொடுப்பது குற்றமாகாது. அதனை முழுப் பரிகாரமெனக் கருதவிடுவதே குற்றம். தேய்ந்த பெயரிங்கின் இடியை மறைக்கத் தடித்த ஒயிலை ஊற்றிக் காரை விற்பவனோ இந்த விவாதத்துக்கே உரியவனல்லன். அவன் பொய்யுரை எதுவும் பகராதிருக்கலாம். எஞ்சினைப் பொய்யுரைக்கச் செய்துவிட்டான்.

ஓசையை அடக்குவதனால் வரும் கேடு வாங்குபவனோடும் விற்பவனோடும் நிற்பதில்லை என்பதற்கு வரலாறே சான்று. 1921 டிசெம்பரில், ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்திலே தோமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்வையொன்றைப் பெற்றோலிற் சிறிதளவு கலந்தால் இவ்வொலி அடங்குமெனக் கண்டார். மதுசாரமும் இதனை அடக்கும் என்பது அக்காலத்தவர்க்குத் தெரியாததன்று. 1923 இல் ஈயப் பெற்றோல் விற்பனைக்கு வந்தது. 1924 இல் நியூ ஜேர்சியிலுள்ள ஆலையொன்றிலே அச்சேர்வையைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். அவ்வாண்டிலேயே மிட்ஜ்லி செய்தியாளர்முன் அத்திரவத்திற் கைகழுவிக் காட்டினார். அவரும் முன்னர் ஈயநஞ்சால் நலிவுற்றவரே. இலங்கை 2002 இலே அப்பெற்றோலைக் கைவிட்டது. உலகின் வீதிகளிலிருந்து அது முற்றாக நீங்க 2021 ஆயிற்று. அத்தனை ஆண்டுகளும் எஞ்சின்கள் அமைதியாக ஓடின. வீதியோர வீடுகளிற் சாளரத்தைத் திறந்துவைத்து வாழ்ந்தோர் அந்த அமைதியின் விலையைச் சுவாசித்தனர். காரின் ஓசையால் அவர்களுக்கு என்ன தொல்லை இருந்தது? அவர்களிடம் எவரும் கேட்கவுமில்லை.

இக்காலத்துக் கார்களில் இவ்வோசையைக் கேட்பதற்கென ஓர் உணரி உண்டு. சாரதியின் செவிக்கு எட்டுமுன்பே அது கேட்டு, தீப்பொறியைத் தானே பின்தள்ளுகின்றது. நஞ்சேதும் இல்லை, எனினும் குறை உரியவருக்குத் தெரியாமலே போகின்றது. பெற்றோல் சற்றுக் கூடுதலாகச் செல்வதை அவர் விலையேற்றத்தின்மேற் சாட்டிவிடுகின்றார். ஆகவே, முறையிடப்படாத குறையை எடுத்துரைக்கும் கடமை கராஜ்காரனைச் சேர்கின்றது. ஒயில் மாற்ற வந்தவரிடம், “உள்ளே கரி பிடித்திருக்கிறது, ஐயா” என்று அவன் கூறுகின்றான். தனக்கு வேலை தேடிக்கொள்கிறான் என அவர் ஐயுறுகின்றார். அவ்வாறு ஐயுறுதற்குப் பிற கராஜ்களில் அவர் பட்ட அனுபவமும் காரணமாகலாம். ஒருமுறை எஞ்சினுக்குச் செவிசாய்க்கின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கின்றார், பொனற் மூடப்படுகின்றது.