பாதியில் நின்ற வீடும் பிணை நிற்பவரும்



இரும்புலியூரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் வந்தார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தையும் மனைவியின் நகைகளையும் போட்டுச் சொந்த மனையில் வீடு தொடங்கியவர். காண்ட்ராக்டர் முக்கால் பங்குத் தொகையை வாங்கிக்கொண்டு, கூரை கான்கிரீட்டோடு வேலையை நிறுத்திவிட்டார். “ஹஜ்ரத், கட்டுகிறவர் பாதியில் விட்டால் பணம் தரும் இன்ஷூரன்ஸ் இருக்கிறதாமே? அடுத்து மகளுக்கு வீடு கட்ட வேண்டும். அதற்காவது எடுக்கலாமா? மார்க்கத்தில் கூடுமா?” என்று கேட்டார்.

கூடுமா என்பதற்கு முன், அப்படி ஒன்று நம் கைக்கு எட்டுமா என்று பார்த்தோம். ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில், கட்டுபவர் இறந்தாலோ, திவாலானாலோ, தலைமறைவானாலோ வீட்டுக்காரருக்கு ஈடு தரும் காப்பீட்டைக் கட்டுபவரே எடுத்தாக வேண்டும். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 16-ஆவது பிரிவும் காப்பீடு பற்றிப் பேசுகிறது. ஆனால் அரசு அறிவிக்கை செய்யும் காப்பீடுகளுக்கே அது பொருந்தும். கட்டுமானத்துக்கென்று இங்கே விற்கப்படும் பாலிசியோ தீ, வெள்ளம், விபத்து போன்றவற்றுக்கானது. கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனால் அது உதவாது.

வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வது நல்ல ஏற்பாடு. எனினும் நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவு தேவையில்லை. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் சந்துக்குச் சந்து எழும் சிறு அடுக்ககங்கள் பலவும் இப்படித் தப்பிவிடும். சொந்த மனையில் காண்ட்ராக்ட் விட்டுக் கட்டுபவருக்கு நுகர்வோர் ஆணையமே கதி.

ஆள் ஓடிப்போனால்தான் நஷ்டம் என்பதுமில்லை. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் குடியேறும் முன்பே சரிந்து 61 பேர் மாண்டனர். பக்கத்துக் கட்டடமும் 2016-இல் தகர்க்கப்பட்டது. போன உயிர்களுக்கு முன் பணம் பெரிதல்ல. ஆனாலும் வீட்டுக்கென்று கட்டிய பணம் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பல்லவா?

இனி மார்க்கத்துக்கு வருவோம். நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் ‘கரர்’ எனும் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது ஹராம் என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1985-இல் தீர்மானித்தது. நாமும் அதன் பக்கமே. ஆனால் ‘ஹராம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்துபோக நமக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பெரியவரின் அச்சம் நியாயமானது.

நமது ஷரீஅத்தில் ‘கஃபாலத்’ எனும் பிணை இருக்கிறது. கடனோடு இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் நின்றார்கள். அபூகத்தாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பின்பே தொழவைத்தார்கள். அந்தப் பொறுப்புக்கு அவர் கூலி கேட்கவில்லை. பிணை நிற்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதே அகாடமியின் தீர்மானமே. நம் மஹல்லாக்களில் சம்பந்தம் பேசப் பத்துப் பேர் வருகிறார்கள்; பிணை நிற்க ஒருவர் வருவதில்லை!

செய்து தரச்சொல்லும் ஒப்பந்தமான ‘இஸ்திஸ்னா’வில் தொகையைத் தவணையாகக் கொடுக்கலாம், தாமதத்துக்கு ஈட்டுத்தொகையும் எழுதிக்கொள்ளலாம் என்று 1992-இல் அதே அகாடமி கூறியது. கட்டுபவரின் கைக்கு மீறிய காரணம் இருந்தால் அந்த ஈடு கிடையாது. ஆகவே அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று முடிந்த வேலைக்கே பணம் கொடுங்கள். வேலையைப் பணம் முந்தினால் பிடி தளர்ந்துவிடும். (நீதிமன்றம் வட்டியோடு திருப்பித் தரச்சொன்னால் அவ்வட்டியை என்ன செய்வது என்பதைத் தனியே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.)

மகள் வீட்டுக்குப் பெரியவர் இப்படியே தாள் எழுதினார். புதிய காண்ட்ராக்டர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். “நம்மவனை நம்பவில்லையா?” என்று முகம் வாடினார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282-ஆவது வசனத்தை அவருக்கு எடுத்துக் காட்டினோம். அது ஈமான் கொண்டோரைப் பார்த்தே பேசுகிறது. சற்று நேரம் பேசாமல் இருந்தவர், மறுநாள் தம் தாய்மாமனைப் பிணைக்கு அழைத்து வந்தார். நாம் சாட்சிக் கையொப்பம் இட்டோம். பழைய வீட்டுக்கான மனு செங்கற்பட்டு நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.