சுவரில் பூத்த உப்பு

மரக்காணத்தில் உப்பு என்றால் சோறு. ஈசிஆரில் காரில் போகிற நமக்கு வெள்ளைக் குவியலாகத் தெரிவது, பாத்தியில் இறங்கி வாருகிறவருக்கு அன்றைய கூலி. அங்கிருந்து வடக்கே எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் அதே உப்பு எதிரி. செப்புத் திருமேனிகளை அரிக்கும் குளோரைடை நீக்கத்தான் 1930இல் அங்கே வேதியியல் ஆய்வகமே வந்தது.

அமராவதிச் சிற்பங்களின் கதை இன்னும் சங்கடமானது. 1880களில் அந்தச் சுண்ணாம்புக்கல் பலகைகளைச் சிமெண்ட் வைத்துச் சுவரிலேயே பதித்துவிட்டார்கள். கெடுக்க நினைத்தல்ல, நிலையாக நிற்கட்டும் என்றுதான். ஆனால் சுவரின் ஈரத்தோடு உப்பும் கல்லுக்குள் ஏறியது. காப்பாற்றிய கைதான் காயமும் செய்தது.

1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் தன் சொந்த வரலாற்றுக்கு ஒரு கூடம் அமைத்தால், அதில் என்ன வைக்க வேண்டும்? அடிக்கல், திறப்பு விழா, கவர்னர் படம் எல்லாம் எளிது. அந்தச் சிமெண்டை வைப்பார்களா?

வைக்கணும் என்பதே என் கட்சி. மென்பொருள் வேலையில் சர்வர் விழுந்தால் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். யார் மேலும் பழி போடாமல், என்ன நினைத்து இதைச் செய்தோம், எங்கே தவறியது என்று மட்டும். அடுத்து வருபவர் அதே குழியில் விழக்கூடாது, அவ்வளவுதான். சிமெண்டுக்கு இந்த முறை பொருந்தும்.

ஆனால் இதே முறையை எல்லாவற்றுக்கும் நீட்டினால் வசதியான பொய்யாகிவிடும். 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்த அமராவதிக் கற்கள் சென்னையில் கிடந்து, 1859இல் லண்டனுக்குக் கப்பலேறின. இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கின்றன. அது அறியாமல் நடந்த பிழை இல்லை. அதனால் லாபம் அடைந்தவர் இன்னும் லாபம் அடைந்துகொண்டே இருக்கிறார். அங்கே "பழி வேண்டாம்" என்று சொல்லும் உரிமை, வைத்திருப்பவருக்குக் கிடையாது. இழந்தவர் சொன்னால்தான் அது பெருந்தன்மை.

ஆகவே அந்தக் கூடத்தில் இரண்டு சுவர்கள் வேண்டும். ஒன்று தெரியாமல் செய்ததற்கு. இன்னொன்று தெரிந்தே செய்ததற்கு. இரண்டையும் ஒரே "வரலாறு" என்ற பலகையின் கீழ் மாட்டுவதுதான் நேர்மையின்மை.

எழும்பூரை விடுங்கள். நம் வீட்டுக் கூடத்திலும் படங்கள் தொங்குகின்றன. எந்தச் சம்பவத்தை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறோம்?