பழைய இதழ்கள் கேட்கும் கேள்வி

பழைய இதழ்களைப் புரட்டுவோர் இரு வகையினர். ஒரு சாரார் அவற்றைத் தொழுகின்றனர். அன்று வந்தவையெல்லாம் பொன், இன்று வருபவையெல்லாம் பதர் என்பது அவர்தம் முடிபு. மற்றொரு சாரார் அவற்றை நகைக்கின்றனர். அறியாமை நிறைந்த ஒரு காலத்தின் குப்பை என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் இதழைப் படிப்பதில்லை என்பதே நமது கருத்து. முன்னவர் தம் இளமையைப் படிக்கின்றனர். பின்னவர் தம் பெருமையைப் படிக்கின்றனர். இதழோ படிப்பாரின்றிப் பரண்மேல் கிடக்கிறது.

நாமக்கல் வட்டாரத்தில் ஒரு வீட்டுப் பரணை ஒழித்தாலும், பழைய பேப்பர்க் கடையின் மூலையைக் கிளறினாலும், கரையான் விட்டுவைத்த சில இதழ்கள் கைக்கு வரக்கூடும். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’, 1964இல் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் உலவிய ‘இந்திரஜால் காமிக்ஸ்’, 1972இல் சிவகாசியிலிருந்து புறப்பட்ட ‘முத்து காமிக்ஸ்’, 1984இல் அதே ஊரில் பிறந்த ‘லயன் காமிக்ஸ்’ ஆகியவையே அவை. மேலட்டை கிழிந்தும், கடைசிப் பக்கம் காணாமலும், நாலைந்து கைகளின் பெயர் எழுதி அடிக்கப்பட்டும் இருக்கும். இன்று இவற்றை முகவிலையைப்போல் பன்மடங்கு கொடுத்து வாங்குவோர் உளர். வாங்கியவற்றைக் கண்ணாடித் தாளுக்குள் இட்டு வைப்போரும் உளர். அவர்களுடைய ஆர்வத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும், ஓர் இதழின் விலை ஏறியது என்பதனால் அதன் மதிப்பு இன்னதென்று விளங்கிவிடாது. மதிப்பை அறிய, அவ்விதழ் படிப்பவனை எந்த நிலையில் நிறுத்திற்று என்று கேட்டல் வேண்டும்.

இவ்விதழ்களுக்கெல்லாம் பொதுவாய் அமைந்த பண்பு ஒன்று உண்டு. படிப்பவனை வேறொருவனாக நின்று பார்க்கச் செய்வதே அது. லாரிக் கூண்டு கட்டும் பட்டறையில் நாளெல்லாம் ஆணி அடித்த சிறுவன், மாலையில் இரவல் இதழைத் திறந்தவுடன் துப்பறிவாளனாகவும் மன்னனாகவும் ஆகிவிடுகிறான். இதையே ஒரு விளையாட்டாக வகுத்துக் கொண்டவர்களும் உலகில் உண்டு. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். “உன் முன்னே இருண்ட குகை. நீ என்ன செய்கிறாய்?” என்பது போல அவர் வினவுவார். ஏற்ற பாத்திரமாகவே நின்று மற்றவர் விடை கூறுவர். விளைவைப் பகடை தீர்மானிக்கும். இவ்வாட்டத்திற்கென்றே ‘டிராகன்’ என்னும் இதழ் 1976இல் தொடங்கி, 2007 வரை அச்சில் வந்தது. அதன் பழைய இதழ்களையும் இன்று முதியோராகிவிட்ட அக்கால இளைஞர் தேடித் திரட்டுகின்றனர். நாடு வேறு, மொழி வேறு. ஆயினும் பரண் ஒன்றுதான்.

அங்கும் இங்கும் பெரியோர் கூறிய தடையும் ஒன்றே. பொழுது வீணாகிறது என்பது முதல் தடை. பொய்யில் மனம் தோய்கிறது என்பது இரண்டாவது. 1980களில் அமெரிக்காவில் அவ்வாட்டம் பிள்ளைகளைத் தீய சக்திகளின்பால் இழுக்கிறது என்று பெரும் அச்சம் பரவியது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்னும் பெயர்களையே வெளியீட்டாளர் மாற்ற நேர்ந்தது. இங்கோ பாடநூலுக்குள் காமிக்ஸை மறைத்துப் படித்த பிள்ளை பிரம்படி பெற்றான். பொழுதைப் பற்றிய தடை பொருளுடையதே. அளவறிந்து நுகராத எதுவும் கேடே. ஆனால் பொய் என்னும் தடை ஆராயத்தக்கது.

பொய்யன் தன் வேடத்தைப் பிறர் அறியாவண்ணம் அணிகிறான். அறிந்தால் அவன் தொழில் கெடும். கதை படிப்பவனும் ஆட்டத்தில் பாத்திரம் ஏற்பவனுமோ, வேடம் என்று எல்லாரும் அறியவே அணிகின்றனர். எனவே இது ஏமாற்று அன்று, உடன்பாடு. ஏமாற்றுக்கும் உடன்பாட்டுக்கும் இடையில் நிற்கும் ஒரு வேடத்தை நமது மண்ணின் கவிஞரே நமக்குக் காட்டியிருக்கிறார். மோகனூரில் 1888இல் பிறந்து, முத்து காமிக்ஸ் தோன்றிய அதே 1972இல் மறைந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் கதைதான் ‘மலைக்கள்ளன்’. அது 1954இல் திரைப்படமாயிற்று. அதில் எம்.ஜி.ஆர். ஏற்ற நாயகன், மலைக்கள்ளனாகவும் அப்துல் ரஹீம் என்னும் பெயரிலும் உலவுகிறான். ஓர் இந்து இளைஞன் நல்ல நோக்கத்திற்காக ஒரு முஸ்லிமின் தோற்றத்தைப் புனைகிறான். அரங்கு நிறைந்த மக்கள் அதைக் கண்டு மகிழ்கின்றனர். அக்காலத் தமிழ் மனம் அந்தப் பெயரை அச்சத்தோடு சேர்க்காமல் நாயகனோடு சேர்த்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். வேடம் நன்றா தீதா என்பது வேடத்தில் இல்லை; அது யாருடைய முகத்தை எப்படிக் காட்டுகிறது என்பதில் இருக்கிறது.

முத்து காமிக்ஸின் முதல் இதழையே எடுத்துக் கொள்வோம். அதன் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. 1962இல் ‘வேலியண்ட்’ என்னும் ஆங்கில வார இதழில் தோன்றிய கதையின் தமிழாக்கம் அது; ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் சித்திரங்கள் கொண்டது. லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுபவன். வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக் கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும்; எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிற்காலத்தில் அவன் நாட்டைக் காக்கும் உளவாளி ஆனான் என்பதைத்தான் பலரும் நினைவில் வைத்துள்ளனர். ஆனால் மறையும் ஆற்றல் கிடைத்தவுடன் அவன் முதலில் புரிந்தவை குற்றங்களே. பழைய இதழைப் புரட்டும்போது இச்செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கேள்வியின் புதுவடிவம் இது. கிரேக்க ஞானி பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலில் கைஜீஸ் என்பானின் மோதிரத்தைப் பற்றிய கதையைப் பேசவைக்கிறார். மோதிரத்தைத் திருப்பினால் அணிந்தவன் பிறர் கண்ணுக்குத் தெரியான். அத்தகைய மோதிரம் கிடைத்தபின் நீதிமானும் அநீதிமானும் ஒரே வழியில்தானே நடப்பர் என்பது அங்கு எழுப்பப்படும் ஐயம். சிவகாசியில் அச்சான படக்கதை அதே ஐயத்தைப் பட்டறைச் சிறுவனின் கையில் கொடுத்தது. யாரும் காணாத இடத்தில் நீ யார்? இறைவன் காண்கிறான் என்று நம்புவோர்க்கும் இக்கேள்வி தேவையற்றதாகிவிடாது. நம்பிக்கை நாவில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்பதைக் காட்டுவதற்கு அதுவே உரைகல். கிராண்டேலின் உடல் முழுதும் மறைந்தும் கை மட்டும் மறையாமல் நின்றது. ஆளை மறைக்கலாம், செயலை மறைக்க இயலாது என்று எழுதியவர் கருதினாரோ இல்லையோ, படிப்பவன் அவ்வாறு கருதுவதற்கு இடமுண்டு.

ஆயினும் இந்தப் பழைய ஏடுகள் எல்லாம் நீதிநூல்கள் என்று சொல்லிவிட முடியாது. லீ ஃபாக் 1936இல் படைத்த வேதாளன் கதைகளைப் பாருங்கள். கானகத்தில் மண்டை ஓட்டுக் குகையில் வாழும் முகமூடி வீரன்; தலைமுறை தலைமுறையாய்த் தந்தைக்குப் பின் மகன் அதே உடையை அணிவதால், சாவே இல்லாதவன் என்று கானக மக்கள் நம்பும் ஒருவன். அவன் வெள்ளையன். அவன் காப்பாற்றும் மக்கள் கறுப்பர். காப்பவன் ஒருவன், காக்கப்படுவோர் ஒரு கூட்டம். அவனுக்கு மட்டும் முகம் தீட்டப்பட்டிருக்கிறது, அவர்களுக்கு ஈட்டியும் முரசும் தீட்டப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒரு செய்தி மிக்க கவனத்திற்குரியது. அக்கதைகளில் வந்த கடற்கொள்ளைக் கூட்டத்தின் பெயர் ‘சிங்’. நாட்டின் பெயரோ வங்காளத்தை நினைவூட்டுவது. இந்திரஜால் காமிக்ஸ் அவற்றை இங்கு வெளியிட்டபோது ‘சிங்’ என்பதைச் ‘சிங்கா’ என்றும், நாட்டின் பெயரை ‘டெங்காலி’ என்றும் மாற்றிற்று. நம் நாட்டவர் மனம் புண்படலாகாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது, எண்ணம் நல்லதே. ஆனால் கானகத்துக் கறுப்பு மக்கள் தீட்டப்பட்ட விதம் மாறவில்லை. நமது புண் நமக்குத் தெரிந்தது. பிறர் புண் தெரியவில்லை.

“அது அந்தக் காலம், அன்றைய அளவுகோல் வேறு” என்று கூறுவோர்க்கு இம்மாற்றமே விடை. பெயர் ஒன்றால் ஒரு சமூகம் நோகும் என்பதை அறியும் கண் அன்றே இருந்தது. இருந்த கண் ஒரு திசையில் மட்டும் திறந்தது. ஆகவே குறை காலத்தினுடையதன்று. யாருடைய வலியை எண்ணிப் பார்ப்பது என்ற தேர்வினுடையது. நோகடிக்கப்பட்டவனும் அதே காலத்தில்தான் வாழ்ந்தான். அவனுடைய அளவுகோலை யாரும் கேட்கவில்லை.

இதே நோயின் மற்றொரு முகத்தை முஸ்லிம் வாசகன் நன்கறிவான். மேனாட்டுப் படக்கதைகள் பலவற்றில் பாலைவனத்து ஷேக் வருவான். வளைந்த வாளும் வஞ்சகச் சிரிப்பும் அவனுக்குரியவை. நாமக்கல்லில் அமர்ந்து அதைப் படிக்கும் ஒரு சிறுவன், நாயகனாக நின்று அந்தத் தாடிக்காரனைத் துப்பாக்கியால் வீழ்த்துகிறான். வீழ்ந்தவனின் தலைப்பாகையும் தாடியும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் அவனுடைய பாட்டனாருடையவை போன்றவை. வேறொருவனாக நிற்கும் கலை அங்கே தலைகீழாகிவிட்டது; பிறனை அறிந்துகொள்ள அமைந்த வாயில் வழியே, தன்னையே பிறனாகக் காணும் பார்வை உள்ளே நுழைந்துவிட்டது. 1954இன் அப்துல் ரஹீமையும் இந்த ஷேக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேடம் என்பது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பது விளங்கும்.

அவ்வாறாயின் இவ்விதழ்களை என் செய்வது? எரித்துவிடுவதா? குற்றமுள்ள பக்கங்களை வெட்டி எறிந்து மறுபதிப்புச் செய்வதா? 2020இல் அந்த மேசை ஆட்டத்தின் இன்றைய வெளியீட்டாளர், தம் பழைய நூல்களை விற்குமிடத்தில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தனர். இவற்றுள் சில பகுதிகள் இனம், பால் ஆகியவை பற்றிய அக்காலத் தவறான எண்ணங்களைக் காட்டக்கூடும் என்பது அதன் சாரம். நூலை அவர்கள் அழிக்கவில்லை. இம்முறை போதாது என்போரும், இதுவே மிகை என்போரும் உளர். நமக்கு இது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. வெட்டப்பட்ட பக்கம் குற்றத்தை நீக்குவதில்லை; குற்றத்தின் சான்றை மட்டுமே நீக்குகிறது. நம் முன்னோர் எதை ரசித்தனர் என்பதை அறியாத தலைமுறை, தான் இன்று எதை ரசிக்கிறது என்பதையும் கேட்கக் கற்காது. பக்கம் முழுமையாய் இருக்கட்டும். பக்கத்தில் உண்மையைச் சொல்லும் ஒரு வரியும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இவ்விதழ்களை எடுத்துக் கொடுக்கும் பெற்றோர், “இந்தக் கானகத்து மனிதன் தன் கதையைத் தானே சொன்னால் எப்படிச் சொல்வான்?” என்று ஒரு வினாவையும் சேர்த்துக் கொடுப்பாராக. அவ்வொரு வினா நூறு அறிவிப்புக்குச் சமம்.

அவ்வாறு வினவும் மரபு நமக்குப் புதிதன்று. அம்புலிமாமாவின் வேதாளக் கதைகளை நினைத்துப் பாருங்கள். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகரம்’ என்னும் வடமொழி நூலில் வேதாளக் கதைகள் இருபத்தைந்து. அவ்வளவும் தீர்ந்த பின்னரும் அம்புலிமாமா புதிது புதிதாய்க் கதை புனைந்து பல்லாண்டுகள் அவ்வரிசையை நடத்திற்று. பிணத்தைத் தோளிலும் வாளைக் கையிலும் தாங்கி நடக்கும் விக்கிரமனின் சித்திரத்தைத் தீட்டிய ஓவியர் சங்கர் 2020இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் சித்திரத்தின்கீழ் மாதந்தோறும் ஒரு சிக்கல் விரியும். யார் செய்தது நீதி? யாருடைய தியாகம் பெரிது? விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் மன்னனின் தலை சிதறும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மீண்டும் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். பேசினால் உழைப்பு வீண். பேசாவிடில் உயிர் போகும்.

மன்னன் ஒவ்வொரு முறையும் பேசினான் என்பதே அக்கதைகளின் உயிர்நிலை. தெரிந்த நீதியை, தனக்கு இழப்பு நேரும் என்று அறிந்தே அவன் சொன்னான். பழைய இதழ்களின் முன் நாம் நிற்கும் நிலையும் அதுவே. நமக்கு இன்பம் தந்தவற்றில் குறை இருந்தது என்று சொன்னால் அந்த இன்பத்தில் ஒரு பகுதி நம்மை விட்டுப் பறந்துபோகும். தெரிந்தும் சொல்லாமலிருந்தால் போவது அதனினும் பெரிது. ஆதலின் பரணிலிருந்து அவற்றை இறக்குவோம், தூசு தட்டுவோம், மகிழ்ந்து படிப்போம், கேட்கும் கேள்விக்கு வாய் திறந்து விடை சொல்வோம். மரத்திற்குத் திரும்பிய வேதாளத்தை மறுபடியும் தோளில் ஏற்றி வருவதற்கு நமக்குக் கால்கள் இருக்கின்றன.