இடுக்கண் வந்துழி உள்ளங் குலையாமை

காற்றில்லாதபொழுது எவ்விளக்கும் அசைவற்றே எரியும். அதுபோல, அமைதியுற்றிருக்குங் காலத்து எல்லாரும் பொறையுடையார் போலவே காணப்படுவர். இழிசொல், பொருளிழப்பு, உற்றார் பிரிவு, உயிரச்சம் என்னும் இவற்றுள் ஒன்று திடுமென நேர்ந்துழியே, கற்ற நூலும் கேட்ட உபதேசமும் உள்ளத்தில் எவ்வளவு ஊறின என்பது புலனாம். பல நூலுங் கற்று வல்லராயினாரும் அவைக்கண் ஓர் எதிர்மொழி கேட்டவளவானே முகஞ்சிவந்து, தாம் நாட்டப் புகுந்த பொருளை மறந்து, எதிரியை வெல்லுதலொன்றனையே கருதி நிற்றலை நாம் காண்கின்றோம். அவர்தங் கல்வி அப்பொழுது எங்கே ஒளித்தது என்பது ஆராயற்பாலது.

மேனாட்டு உளநூலாரும் இப்பொருளை ஆராய்ந்துளர். 1990-ஆம் ஆண்டில் சாலவே, மேயர் என்னும் அறிஞர் இருவர், தம்முள்ளும் பிறருள்ளும் எழும் உணர்ச்சிகளை அறிந்து ஆளுதலை ஓர் அறிவாற்றலாக வகுத்தெழுதினர். 1995-இல் கோல்மன் என்பார் வெளியிட்ட நூலால் அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. இந்நாளில் அதனை ‘உணர்ச்சி நுண்ணறிவு’ எனத் தமிழில் வழங்குவர். அவர் கூறுவன கொள்ளத்தக்கனவே. ஆயினும், உணர்ச்சி எழுங்கால் அதனை ஆளும் பொருள் யாது, ஆளப்படும் பொருள் யாது என்னும் வினாவிற்கு நஞ் சித்தாந்த நூல்களே தெளிந்த விடை தருவன.

சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் உயிரை அரசனாகவும், அந்தக்கரணங்களை அமைச்சராகவும் உவமித்தது. மனம் பொருளைப் பற்றி ஐயுறும், அகங்காரம் யானெனது என்று எழும், புத்தி இஃது இன்னதென நிச்சயிக்கும், சித்தம் சிந்திக்கும். அமைச்சர் தத்தந் தொழில் செய்ய, அரசன் அரியணையில் வீற்றிருத்தலே முறை. இடுக்கண் வந்துழி நிகழ்வது யாதெனின், புத்தி நிச்சயித்தற்கு முன்னரே அகங்காரம் அரியணை ஏறிவிடுதலாம். அரசனும் அவ்வமைச்சனையே தானென மயங்கி, ‘யான் இகழப்பட்டேன், யான் கெட்டேன்’ என அரற்றுவன். ஆகலின், உள்ளங் குலையாமையாவது உணர்ச்சியற்றுக் கல்லாய்க் கிடத்தலன்று. எழுந்த உணர்ச்சியைத் தானெனக் கொள்ளாது, தன் கருவியின் தொழிலெனக் கண்டு நிற்றலாம்.

இதற்குத் திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு தக்க சான்றாகும். பலகாற் பொருது தோற்ற முத்தநாதன், திருநீறு பூசிப் புத்தகக் கட்டினுட் படையை மறைத்துக்கொண்டு, ஆகமம் உரைப்பான் போற் புக்குத் தான் கருதியதைச் செய்து முடித்தான். அக்கணத்தே உட்புகுந்த தத்தன் வாளோங்கினான். குருதி சோர நிலத்து வீழ்கின்ற நாயனார் தங் கையால் அவனைத் தடுத்து, வந்தவனை இடையூறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணித்தனர். அப்பணி முடிந்த செய்தி கேட்குமளவும் உயிர்தாங்கியிருந்தனர்.

ஈண்டு நுனித்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. உயிர் நீங்குந் தறுவாயிலும் நாயனார், ஊரார் சினந்து பகைவனைச் சூழ்வர் என்பதனை முன்னறிந்து காவல் வகுத்தனர். இது கலங்கிய உள்ளம் செய்யவல்ல தொன்றன்று. தத்தன் நிலையும் வியக்கத்தக்கதே. தலைவன்பாற் கொண்ட அன்பே அவனுக்குச் சினமாய் எழுந்தது. ஓங்கிய வாள் ஒரு சொல்லால் நின்றது. அன்றியும், தன்னுள்ளத்தெழுந்த அச்சினத்தையே ஊராரிடத்துங் கண்டு, அரசன் ஆணையைக் கூறி அவரையும் அடக்கிச் சென்றான். தன் சினத்தை அடக்கினானாகலின் பிறர் சினத்தையும் அடக்க வல்லனாயினான்.

அற்றேல், எறிபத்த நாயனார் வெகுண்டு மழுவேந்திக் களிற்றையும் உடன்வந்த ஐவரையும் வீழ்த்தினாரன்றோ? அவரையும் நாயன்மாருள் வைத்தெண்ணியது யாங்ஙனம் எனின், கூறுதும். கருவூரிற் சிவகாமியாண்டார் இறைவற்குக் கொண்டுசென்ற மலரைப் பட்டத்து யானை சிதைத்தமையின் எழுந்தது அவ்வெகுளி. தமக்கு நேர்ந்த இழிவுபற்றி எழுந்ததன்று. புகழ்ச்சோழர் வந்து, நிகழ்ந்த பிழைக்குத் தம்மையுங் கொல்லுக என வாளை நீட்டியவுடனே அவ்வெகுளி முற்றும் அவிந்தது. அவ்வன்பருக்குத் தீங்கு நினைந்தேனே என்று தங் கழுத்தையே அரியப் புகுந்தார் எறிபத்தர். மெய்ம்மை எதிர்வந்துழி அதனைக் காணும் வெகுளி வேறு. கண்ணை மறைத்து மேன்மேலும் எரியும் வெகுளி வேறு. முன்னையது உயிரின் ஏவல். பின்னையது உயிரின் சிறை. நம் வெகுளி எவ்வகைத்தென அறியவேண்டின், உண்மை புலப்பட்டவழி அது தணிகின்றதா என்று நோக்குக.

இனி, இந்நிலை கைவருமாறு யாதெனின், இடுக்கண் வந்தபின் தேடிப் பெறுவதன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே காட்டும். நாடோறும் எதனைச் சார்ந்து பழகினோமோ, அதன் நிறமே நெருக்கடியில் வெளிப்படும். வாழ்நாளெல்லாந் திருவேடத்தை மெய்ப்பொருளெனக் கண்டு பழகினாராகலின், நாயனாருக்கு அக்கணத்து வேறொன்று தோன்றிற்றிலது. ஆதலாற் சிறியவற்றிற் பழகுதல் வேண்டும். உணவு காலந்தாழ்த்தல், மாணாக்கன் பிழைபட ஓதல், ஒருவன் நம்மைப் பாராது போதல் ஆகிய இவை நாடோறும் வருவன. அவ்வழி ‘யான் சினந்தேன்’ என்னாது, ‘என் கருவியிற் சினம் எழுந்தது’ எனக் காண்க. விடையிறுக்குமுன் ஐந்தெழுத்தை ஒருமுறை உள்ளத்தே ஓதுக. அவ்விடைவெளியிற் புத்தி தன்றொழிலைச் செய்யும். அரசனுந் தன்னிருக்கையை மீள எய்துவன்.

இம்முயற்சியும் உயிரின் தனித்த ஆற்றலன்று. கண் காண்பது ஞாயிற்றினொளி உடனிற்றலான். உயிர் தன்னைக் காண்பது திருவருள் உடனிற்றலான். எனினும், ஞாயிறு எழுந்துழிக் கண்ணைத் திறத்தல் நம் கடனேயாம். நெருக்கடியில் அசையாது நின்றாரைக் கண்டு வியப்பதனோடமையாது, நாளை நம்பால் வரும் ஒரு சிறு கடுஞ்சொல்லிடத்தே அப்பயிற்சியைத் தொடங்குவோமாக.