நெஞ்சை மூடுமுன்

நாம் செய்த வேலையில் குறை இருக்கிறதென்று பிறர் சொன்னால் அதைப் பொறுமையோடு கேட்பது எளிதன்று. அக்குறையால் பாதிக்கப்படுபவர் ஒன்றும் அறியாது உறங்கிக்கொண்டிருந்தாலோ, அதை ஒப்புக்கொள்ளும்படி நம்மை வற்புறுத்த எவருமில்லை. இந்தச் சோதனை அடிக்கடி நேரும் இடம் ஒன்றுண்டு. அது இருதய சத்திரசிகிச்சைக் கூடம்.

மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை உடலினுள் செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு இருதயத்தின் அசைவை அறியலாம் என்பதை 1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் எட்லர் என்ற வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும் காட்டினர். அதற்கென அவர்கள் முதலில் இரவல் வாங்கிய கருவி, மால்மோ நகரின் கப்பல் கட்டும் தளமொன்றில் இருந்தது. உலோகத்தினுள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிப்பதே அதன் வேலை.

பிற்காலத்தில் இக்கருவி உணவுக்குழாய்க்குள்ளும் இறங்கியது. உணவுக்குழாய் இருதயத்தின் இடது மேலறைக்குப் பின்னால், அதை ஒட்டியே செல்கிறது. மயங்கிய நோயாளரின் வாய்வழியாகக் கருவி பொருத்திய குழாயை இறக்கினால், சத்திரசிகிச்சை நிபுணரின் கைக்கு இடையூறின்றி இருதயத்தைத் திரையிற் பார்க்கலாம். வளர்ந்தோருக்கான திறந்த இருதய சத்திரசிகிச்சைகள் அனைத்திலும், தடையேதும் இல்லாவிடின், இதைப் பயன்படுத்த வேண்டுமென 2010இல் அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர்களின் வழிகாட்டல் கூறியது.

இனி நமது கேள்விக்கு வருவோம். ஒழுகும் வால்வு ஒன்றை நிபுணர் செப்பனிட்டு முடிக்கிறார். நின்றிருந்த இருதயம் மீண்டும் துடிக்கிறது. நெஞ்சு இன்னும் மூடப்படவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மயக்கமருந்து வைத்தியர், "இன்னும் ஒழுகுகிறது" என்கிறார்.

இங்கே மூன்று கடமைகள் எழுகின்றன. முதலாவது, கண்டவர் சொல்லவேண்டும். பெரியவரின் முகம் சுளிக்குமே என்று வாய் மூடியிருப்பது பணிவாகாது. இரண்டாவது, சோதனை நேர்மையாக நடக்கவேண்டும். மயக்கத்தில் இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது பெரிய ஒழுக்கும் சிறிதாகத் தோன்றும். ஆகையால், விழித்து நடமாடும் மனிதரின் அளவுக்கு அழுத்தத்தை உயர்த்திப் பார்க்கின்றனர். அமைதியான வேளையில் தெரியாத குறை, பாரம் ஏறும்போது தெரியவரும்.

மூன்றாவதே கடினமானது. கண்ட குறையெல்லாம் திருத்தத் தக்கதா? மீண்டும் திருத்துவதெனில் நோயாளரை இருதய-சுவாசப்பை இயந்திரத்தில் மறுபடி இணைத்து, இருதயத்தை நிறுத்தவேண்டும். களைத்த இருதயத்துக்கு அது பாரமே. ஆதலால் சிறு கசிவை விட்டுவிடுவது பெரும்பாலும் நன்று. சிலவேளை செப்பனிட்ட வால்வின் இதழ் இழுபட்டு, இரத்தம் வெளியேறும் வழியை மறிக்கும். அப்போதும் அவசரப்பட்டுக் கத்தியை எடுப்பதில்லை. தூண்டும் மருந்தைக் குறைத்துத் திரவத்தைக் கூட்டினாலே பலருக்குச் சரியாகிவிடும். ஒழுக்குப் பெரிதாயின், மீண்டும் தொடங்குவதே பெரும்பாலும் வழி.

ஆகவே, "இது போதும்" என்று சொல்வது சில வேளைகளில் விவேகம். சில வேளைகளில் களைப்பு. சில வேளைகளில் மானம். வார்த்தை ஒன்றே. வேறுபாட்டைத் திரை காட்டாது, மனச்சாட்சியே காட்டவேண்டும். அதற்கு ஒரு கேள்வி உதவும். உறங்குகின்ற இம்மனிதர் விழித்தெழுந்து இதே திரையைப் பார்த்தால், "இதனால்தான் விட்டுவிட்டேன்" என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியுமா? முடியுமாயின் அது விவேகம். நாக்குத் தடுமாறுமாயின் வேறு ஏதோ ஒன்று.

நம்மில் பெரும்பாலோர் கத்தி பிடிப்பவர்கள் அல்லர். ஆயினும், அத்திவாரத்தை மண்ணால் மூடும் மேசனும், சுவரினுள் மின்கம்பியை மறைப்பவரும், கணக்கை முடித்துக் கையொப்பமிடுபவரும், பிள்ளையின் குறையை அறிந்தும் அறியாததுபோல் இருக்கும் பெற்றோரும் இதே இடத்தில்தான் நிற்கின்றனர். நம்மை நம்பிய ஒருவர் அங்கே ஒன்றும் அறியாதிருக்கிறார். மூடிய பின் தெரியவரும் குறைக்கு விலை அதிகம். அதைக் கொடுப்பவரும் பெரும்பாலும் நாமல்ல, அவரே. ஆதலால், மூடுமுன் ஒருமுறை பார்ப்போம். பார்க்கும் இன்னொருவர் பேசினால் கேட்போம்.