நான் பொய் சொல்வேனா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் குழந்தைகள் தங்கள் விளையாட்டில் என்னையும் இழுத்துவிட்டார்கள். ஒரு பெயர் எழுதிய சீட்டை என் முதுகில் குத்திவிட்டார்கள். எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. 'ஆம்', 'இல்லை' என்ற பதில்களைக் கொண்டே நான் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். அரசனா? ஆம். சூதாடியவனா? ஆம். விடை தெரிந்துவிட்டது. இருந்தாலும் குறும்பாக இன்னொன்று கேட்டேன்: "நான் பொய் சொல்வேனா?"

"தருமர் பொய்யே சொல்லமாட்டார்" என்றாள் ஒருத்தி. "விராட நகரத்தில் கங்கன் என்று சொல்லிக்கொண்டு ஒரு வருஷம் இருந்தாரே, அது என்னவாம்?" என்றான் பெரியவன். விளையாட்டு சண்டையில் முடிந்தது. எனக்கு யோசனை பிறந்தது.

அஜ்ஞாதவாசமும் பெயர் கண்டுபிடிக்கும் விளையாட்டுதான். அடையாளம் தெரிந்துவிட்டால் மறுபடி பன்னிரண்டு வருஷம் காடு. ஒற்றர்களின் ஆட்டத்திலோ, தெரிந்துவிட்டால் உயிரே போய்விடும்.

திப்பு சுல்தானின் வழியில் வந்த இந்தியத் தந்தைக்கு 1914-ல் மாஸ்கோவில் பிறந்தவர் நூர் இனாயத் கான். புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதியவர். ஜெர்மானியரின் பிடியில் இருந்த பிரான்ஸுக்கு 1943 ஜூனில் ரகசிய ரேடியோவை இயக்க பிரிட்டன் அவரை அனுப்பியது. வெளியுலகுக்கு அவர் ழான்-மரி ரெனியே என்ற குழந்தைத் தாதி. ரகசியச் செய்திகளில் 'மாதலேன்'. சில நாட்களிலேயே கூட்டாளிகள் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பிவிடலாம் என்று லண்டன் சொல்லியும் அவர் பாரிஸை விட்டு நகரவில்லை. அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுக்க, அகப்பட்டார்.

அனுப்பிய செய்திகளை அவர் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். அவற்றை வைத்துக்கொண்டு ஜெர்மானியர் 'மாதலேன்' என்ற பெயரில் தாங்களே செய்தி அனுப்பினார்கள். லண்டன் நம்பியது. பாராசூட்டில் வந்து இறங்கிய சிலர் நேராகப் பகைவர் கையில் விழுந்தார்கள். பொய்ப் பெயர் ஆணியில் தொங்கும் சட்டை மாதிரி. யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

ஆனால், பெயரை எடுத்துக்கொண்டவர்களால் அந்தப் பெண்ணின் மனத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை. மாதக்கணக்கில் சங்கிலியில் கிடந்தும் தோழர்களை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. 1944 செப்டம்பர் 13-ல் டாக்காவ் முகாமில் அவரைக் கொன்றார்கள். நோட்டுப் புத்தகங்களை வைத்திருந்தது பிழை. பிறர் உயிரை வாங்கிய பிழை. அதை மறைத்து அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. ஆனால், தம் பொய்யின் பலனாகத் தம் உயிரைக் காத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை என்பதும் உண்மை.

கங்கன் என்றதும் பொய்தான். உப்பிட்ட விராடனை ஏமாற்றியதுதான். ஆனால், அவனைப் பகைவர்கள் சிறைபிடித்தபோது மீட்டுக் கொடுத்தவர்களும் அந்தப் பொய்ப் பெயர்க்காரர்களே அல்லவா?

பெரியவன் மறுபடி கேட்டால் "ஆம், தருமர் பொய் சொல்வார்" என்றே சொல்லப்போகிறேன். கூடவே, "அந்தப் பொய்க்கு யார் விலை கொடுத்தார்கள்?" என்றும் கேட்கச் சொல்வேன். அந்தக் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லிவிட்டு விளையாட்டை முடித்துக்கொள்ள முடியாது.