காயத்தின் அளவு

யுத்தத்தில் உடல் சிதைந்து திரும்பியவருக்கு ஒரு நாடு எதைக் கொடுத்தாலும் அதைத் தருமம் என்று சொல்ல முடியாது. அது கடன். ஆனால், அந்தக் கடன் அவருடைய மனைவியின் பிரசவச் செலவாகக் கொடுக்கப்படும்போது சங்கடமான ஒரு கேள்வி எழுகிறது. உலகுக்கு வரப்போகும் சிசுவுக்கு என்ன தகுதி வேண்டும்?

அமெரிக்காவில் 1973இல் இதற்கெனத் திட்டமொன்று சட்டமாக்கப்பட்டது. ‘சாம்ப்விஏ’ என்பது அதன் சுருக்கப் பெயர். படைச்சேவையினால் முற்றாக அங்கவீனமுற்றோரின் வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியச் செலவில் பெரும்பங்கை அது ஏற்கிறது. கர்ப்பகாலப் பரிசோதனையும் பிரசவமும் பிந்திய பராமரிப்பும் அதில் அடங்கும். பொதுவாக, அங்கீகரிக்கப்பட்ட கட்டணத்தில் 75 வீதம் திட்டத்தினுடையது. 25 வீதம் குடும்பத்தினுடையது. குடும்பத்தின் பங்குக்கு ஆண்டொன்றுக்கு 3000 டொலர் என்ற உச்சவரம்பும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமின்றிப் பிரசவம் நடக்கும் நாட்டவரான நமக்கு இந்தக் கணக்கே புதினமாகத் தோன்றலாம்.

சிக்கல் பணத்தில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது. சேவையினால் ஏற்பட்ட அங்கவீனம் முழுமையானதாக இருந்தால் போதாது. அது நிரந்தரமானது என்றும் தீர்மானிக்கப்பட வேண்டும். ‘காலப்போக்கில் குணமடையக்கூடும்’ என்று வைத்தியர் ஒருவர் நம்பிக்கையோடு கோவையில் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வசனமே மனைவியின் பிரசவத்துக்கான கதவை அடைத்துவிடலாம். கணவனின் நோய் தீராது என்ற சான்றிதழுக்காக ஒரு கர்ப்பிணி காத்திருக்க நேர்வது எத்தகைய கொடுமை!

எல்லை வேண்டும் என்போரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பொதுப்பணத்துக்கு அளவிருக்கிறது, அதிகம் இழந்தவருக்கு முதலில் கொடுப்பதே முறை. வறியோருக்கு மெடிக்கெய்ட் இருக்கிறது, தொழில்வழிக் காப்புறுதியும் இருக்கிறது என்றும் அவர்கள் சொல்வார்கள். ஆனால் வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலே, நிலையான தொழிலுமின்றித் தவிக்கும் குடும்பத்துக்கு அவ்விரண்டுமே எட்டாமற் போகலாம். காயமுற்றவரின் வீடு அந்த இடைவெளியில் விழுவது இலகு.

இன்னொரு முடிச்சும் உண்டு. திட்டத்தின் கீழுள்ள மகள் தாயாகும்போது அவளுடைய பிரசவச் செலவு ஏற்கப்படும். அவள் பெற்ற பிள்ளைக்கோ, பாட்டனார் சட்டப்படி தத்தெடுத்தாலன்றி, அதில் உரித்து இல்லை. தொப்புள்கொடி அறுபடும் வேளையில் கடனும் அறுந்துவிடுகிறது.

ஒருவருக்குரிய கடனை அவர் வழியாக இன்னொருவருக்குச் செலுத்த முற்படும்போது வரும் கோணல் இது. தந்தைக்குரியதைத் தந்தையின் காயத்தைக் கொண்டு கணக்கிடட்டும். தாய்க்கும் சிசுவுக்கும் உரியது அவர்களுடைய தேவையிலிருந்தே பிறக்க வேண்டும். ‘குணமடையக்கூடும்’ என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு மனைவியால் மகிழ மட்டுமே முடிய வேண்டும். அதைக் கேட்டு அவள் பயப்படுவாளாயின், அந்தக் கடன் இன்னும் சரியாகத் தீர்க்கப்படவில்லை.